பன்னிரண்டாம் நம்பர் காட்டில் யார் கண்ணிலும் படாத பதினோரு நாள்

போன வாரம் கோலப்பிலாவிலிருந்து ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "அங்கிள், காட்டில் டெண்ட் போட்டால் யாராவது வந்து விசாரிக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படாமல் தங்க என்ன வழி?" சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். இந்த நெகிரி செம்பிலானில் அந்த வித்தை என்னைவிடத் தெரிந்தவன் எவனும் உயிரோடு இல்லை. நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் வாத்தியாரே கணக்கில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் பார்ப்பார். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

பயணம் நடந்தது ஜப்பான்காரன் வந்த அடுத்த வருடம், ஆவணி மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் தோட்டம் செண்டாயான் பக்கம். இப்போது அங்கே போனால் ஃபேக்டரியும் அடுக்கு வீடும்தான் இருக்கும், தேடாதீர்கள். அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து முதல் லோரியில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை. இரண்டாவது லோரிக்கு வீட்டுக்கு ஒரு ஆம்பளை என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி பெயர் எழுதினார். எங்கள் வீட்டில் எழுதியது வீராசாமி மாமாவின் பெயர். என் அக்கா புருஷன். அக்காவுக்கு அப்போது எட்டு மாதம்.

மாமாவை மட்டும் ஒளித்து வைத்தால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் இரண்டு பேருமே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் மாமா தனியாகக் காட்டில் ஒரு ராத்திரி தாங்க மாட்டார். அட்டையைப் பார்த்தாலே அலறுகிற மனிதர்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டோம். பகலிலா என்று கேட்பீர்கள். பகலில்தான். இருட்டில் நடக்கிறவனை நாய் குரைத்துக் காட்டிக்கொடுக்கும். பட்டப்பகலில் தோளில் சங்கோல் மண்வெட்டியை வைத்துக்கொண்டு நடக்கிறவனை எவனும் நிறுத்த மாட்டான், மரவள்ளி போடப் போகிறான் என்று விட்டுவிடுவான். எதிரே ஐம்பது பேர் வந்தார்கள். சரி, பதினைந்து பேர் இருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

லயத்திலிருந்து பன்னிரண்டாம் நம்பர் காடு மூன்றேகால் மைல். காடு என்றாலும் கித்தா மரம்தான், ரப்பர். வெள்ளைக்காரன் ஓடிய பிறகு அந்தப் பக்கம் பால் வெட்ட யாரும் போகவில்லை. லாலான் புல் நெஞ்சளவு. மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே அழுகின தண்ணீரும் கொசுப் புழுவும். கடைசி அரை மைல் ஓடைத் தண்ணீரிலேயே நடந்தோம், கால் தடம் விழாமலிருக்க. போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால்.

செலவு: என்னுடைய நல்ல கைலி ஒன்று. அதைத் தெமியாங் கடைக்காரரிடம் கொடுத்து இரண்டு சிரட்டை உப்பும் ஒரு தீப்பெட்டியும் வாங்கினேன். மரவள்ளி எங்களுடையது. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை எவனும் மதிக்காத காலம்.

தங்கிய இடம், பழைய வாய்க்கால் ஒன்று. மூன்றடி ஆழம், மேலே பெரணிச் செடி கூரை மாதிரி மூடியிருந்தது. அந்தச் செடியில் ஒரு கிளையைக்கூட நாங்கள் ஒடிக்கவில்லை. ஒடித்த இலை மறுநாள் வாடும், வாடினது தூரத்திலேயே தெரியும். அடுப்பு ஒரு நாளைக்கு ஒரே தடவை, காலை ஆறரை மணிக்கு. அப்போது சரிவு முழுக்கப் பனி படுத்திருக்கும், புகை அதோடு கலந்துவிடும். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற கோட்டுப்பாலை எரித்தால் நன்றாகப் பற்றும் என்று மாமா சொன்னார். கரும்புகையும் நாற்றமும் சிரம்பான் வரைக்கும் போகும், பேசாமல் இருங்கள் என்றேன். தண்ணீர் எடுக்க ஒரு தடவை போன வழியில் மறு தடவை போகவில்லை.

அது கித்தாக்காய் வெடிக்கிற மாதம். 'டப்'பென்று ஒன்று வெடித்தால் மாமா குப்புற விழுந்துவிடுவார்.

"மாப்ளே, சுட்டுட்டான்டா!"

"காய் மாமா. கித்தாக்காய்."

"எல்லாக் காயும் காய்தான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு தோட்டாவா இருந்தா?"

"இருந்தா அடுத்த கேள்வி கேக்க மாட்டீங்க."

மூன்றாம் நாள் புலி வந்தது. வாய்க்கால் ஓரமாக நின்று என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அதுதான் முதலில் கண்ணை எடுத்தது. மாமா இருந்தவரை அது காட்டுப்பன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயந்தவன் கண்ணுக்குப் புலியும் பன்றியாகத்தான் தெரியும்.

மாமா ராத்திரியில் பேசுவது ஒன்றே ஒன்றுதான். "பொண்ணா இருந்தாலும் பரவால்லடா. மூஞ்ச பாத்துட்டா போதும்."

ஆறாம் நாள், ஞாயிறு. பிற்பகல் நான்கு மணிக்கு மேற்கே மேகம் கறுத்தது. பால் வெட்டுகிறவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிய பழக்கம் ஒன்று உண்டு. மேகம் கறுத்தால் கை தானாக மங்கைக் கவிழ்க்கப் போகும். நிமிர்ந்திருந்தால் மழைத் தண்ணீர் நிரம்பும், மறுநாள் பால் கெடும். எனக்கு மட்டும் அது அடிக்கடி மறந்துபோகும். எங்களை மேய்க்கிற மண்டோர் குப்பன் இதற்காகவே என்னை வாரத்தில் நாலு நாள் திட்டுவார். ஒரு தடவை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் ஒரு மங்கை என் தலையில் கவிழ்த்துவைத்து, "இப்ப ஞாபகம் இருக்குமாடா?" என்று கேட்டார். அந்த ஆளை எனக்கு ஆகவே ஆகாது. மாமா அப்படியில்லை, அவர் வெட்டுகிற மர நிறையில் ஒரு மங்குகூட நிமிர்ந்திருக்காது.

அன்றைக்கு மாமா தண்ணீர் எடுக்கப் போனவர், திரும்பி வருகிற வழியில் எங்களைச் சுற்றியிருந்த மரங்களில் இருபத்து மூன்று மங்குகளைக் கவிழ்த்துவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. பாலே வராத மரம், வெட்டவே போகாத காடு. மழை கொட்டியது. நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லாலான் சலசலத்தது. மண்டோர் குப்பன் முன்னால், துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் பின்னால். வாய்க்காலில் நாங்கள் படுத்திருந்த இடத்துக்கும் அவர்களுக்கும் இருபதடி. மாமாவுக்கு இருமல் வந்தது. அவர் வாயில் என் துண்டை வைத்து அழுத்தினேன்.

மண்டோர் ஒரு மரத்தடியில் நின்றார். கவிழ்ந்த மங்கைப் பார்த்தார். பக்கத்து மரத்தைப் பார்த்தார். அப்படியே ஒரு சுற்று தலை திரும்பியது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஐந்நூறு மரத்தில் மங்கு நிமிர்ந்து கிடக்க, எங்களைச் சுற்றி மட்டும் வேலி போட்ட மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. சிப்பாய்க்கு அது ஒன்றுமேயில்லை. தோட்டத்துக்காரனுக்கு அது கையெழுத்து.

"ஓராங் ஆடா?" என்றான் சிப்பாய். ஆள் இருக்கிறதா என்று மலாயில் கேட்கிறான்.

"தாடா, துவான்," என்றார் மண்டோர். இல்லை என்று சொல்லிவிட்டு, மரத்தைப் பார்த்துத் தமிழில் கத்த ஆரம்பித்தார்.

"சனியம் புடிச்ச மரமே! மங்கக் கவுத்துடா, கவுத்துடான்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே, அப்பல்லாம் கேட்டியா? இன்னிக்கு எவன்டா உன்னக் கவுக்கச் சொன்னான்? லோரி வியாழக்கெழம போயிரும்லா. அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டுக் கெட!"

சிப்பாய் ஏதோ கேட்டான். மண்டோர் மரத்தில் ஓர் உதை விட்டு, இதில் பால் இல்லை என்று கையைக் காட்டினார். சிப்பாய் சிரித்தான். பிறகு மண்டோர் அந்த மங்கை நிமிர்த்தினார். அடுத்த மரத்துக்குப் போனார், அதையும் நிமிர்த்தினார். இருபத்து மூன்றையும், ஒன்றுகூட விடாமல். வேலைக்காரன் வேலை செய்கிறான் என்று சிப்பாய் ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு மங்கும் கம்பியில் 'க்ளிங்' என்று உட்காருகிற சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது என் தலைக்கு நேர் மேலே. அவர் குனிந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பதினோராம் நாள், லயத்துக்குத் திரும்பினோம். அக்கா வாசலில் நின்றிருந்தாள். மாமாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஒரு ஆள் கொறையுதுன்னு நின்னானுங்கடா தம்பி. லோரி கெளம்பல. அப்புறம் மண்டோரு ஏறுனாரு."

"அவனுங்க ஏத்துனானுங்களா? அவரா ஏறுனாரா?"

"வயித்த வச்சிக்கிட்டு தூரமா நின்னேன். எனக்குத் தெரியல. ஏறி உக்காந்து, தலத்துண்டு அவுத்து ஒதறி மறுபடி கட்டுனாரு. அதத்தான் பாத்தேன்."

அவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. மாமா முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு முப்பது வருடம் பார்த்தார். அந்தப் பெண் இப்போது ரஹாங்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள்.

கேட்டவருக்கு என் ஆலோசனை: பகலில் போங்கள். தண்ணீரில் நடங்கள். இலையை ஒடிக்காதீர்கள். பனிக்குள் அடுப்பு மூட்டுங்கள். போகிற இடம் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவையுங்கள், ஒழுங்குபடுத்தாதீர்கள். உங்கள் கைக்குப் பழக்கமான வேலை அங்கே இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். யார் கண்ணிலும் படாமல் இருந்தேன் என்று தலைப்பு வைத்திருக்கிறேன். ஒருவர் கண்ணில் பட்டேன். அவர் பார்க்காத மாதிரி இருந்ததால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

இன்னொன்று. மேலே, மங்குகளைக் கவிழ்த்தது மாமா என்று எழுதியிருக்கிறேன். எண்பத்தைந்து தாண்டிவிட்டது, கல்யாண வீட்டிலும் காப்பிக்கடையிலும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். மாமா உயிரோடு இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. புலியை நீங்கள் பன்றியாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்றைக்குத் தண்ணீர் எடுக்கப் போனது நான். மண்டோர் திட்டியது மரத்தை இல்லை, மங்கைக் கவிழ்க்க மறக்கிற என்னை. அந்த இருபத்து மூன்று மங்குகளைப் பார்த்ததுமே, வாய்க்காலுக்குள் இருப்பது எவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.