மாடி ஏறாத லேத்து

மைக்ரான் என்பது அவர் பெயரில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. வீட்டு பால்கனியில் இரும்பு கடைகிற ஒரு சின்ன லேத்தை வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் அடங்குகிற நீராவி எஞ்சின்கள் செய்வது அவர் பைத்தியம். தலைமுடியைப் பல கூறாகப் பிளந்தால் வருகிற அளவுக்கு மைக்ரான் என்று பேர். அந்த அளவு பிசகினாலும் செய்ததைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இதே பைத்தியம் பிடித்த நாலு பேர் விளையாட்டாக வைத்தது, ஊர் ஊராகப் பரவிவிட்டது. புதிதாக இந்தப் பைத்தியம் பிடிப்பவர்கள் முதலில் சம்பாதிப்பது அரமோ ரம்பமோ இல்லை, மைக்ரானின் போன் நம்பர்தான்.

அவரும் சளைக்க மாட்டார். போனை எடுத்தால் எதிராளியை வணக்கம்கூடச் சொல்ல விடமாட்டார்.

"என்ன மிஷின்ங்கறதெல்லாம் அப்புறம். உங்க வீட்டு வாசக்கதவு எவ்வளவு அகலம்? மாடிப்படி எங்க திரும்புது? அதை மொதல்ல சொல்லுங்க."

கதவை அளக்காமல் லேத்தை வாங்கி, வாசலிலேயே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிற மகானுபாவர்கள் பலரை அவருக்குத் தெரியும். கையில் இருப்பதை எல்லாம் மிஷினில் கொட்டாதீர்கள், பாதியை அளக்கிற சாமானுக்கும் வெட்டுகிற கத்திக்கும் ஒதுக்குங்கள் என்பார். இல்லாவிட்டால் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான். பழைய லேத்தென்றால் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது நரைக்கு அடித்த மை. சாமானைக் கவ்விச் சுழற்றுகிற சக்குக்குப் பக்கத்தில், கத்தியைத் தாங்கி ஓடுகிற வண்டியை நகர்த்தி, ஆட்டிப் பார்க்க வேண்டும். எல்லாரும் அங்கேயேதான் வேலை செய்திருப்பார்கள், அங்கேதான் தேய்ந்திருக்கும். வாங்கி வைக்கும்போது ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, அடியில் மெல்லிய தகடு செருகி, அப்புறம்தான் போல்டை முடுக்க வேண்டும். அவசரப்பட்டு முடுக்கினால் அத்தனை கனமான இரும்பும் முறுக்கிக்கொண்டு நிற்கும். உருளை கடையப் போட்டால் கேரட் வரும். அதற்கப்புறம் மிஷின் மோசம் என்று புலம்புவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்த வகை. கையுறை போட்டுக்கொண்டு லேத்துப் பக்கமே போகாதீர்கள் என்பார், துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். எல்லாம் சொல்லி முடித்து, போனை வைக்கும் முன் ஒன்று சொல்வார்.

"தனியா மட்டும் தூக்காதீங்க. வீட்ல யாரையாவது மறுபக்கம் பிடிக்கச் சொல்லுங்க."

அவருடைய சின்ன லேத்து மூன்று மாடி ஏறியபோது மறுபக்கம் பிடித்தது அவர் மனைவி. ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு. "நகை வாங்கினாக் கழுத்துல போட்டுட்டு ஏறுவாங்க, என் தலையெழுத்து இரும்பைத் தூக்கிட்டு ஏறுறேன்" என்று இரண்டாம் மாடியில் அவள் சொன்னதைக் கேட்டு இருவருக்கும் சிரிப்பு வந்து, மிஷினைப் படியில் இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அவள் இப்போது மகள் வீட்டில், கடல் தாண்டி. பிரசவம் பார்க்க ஆறு மாதம் என்று போனவள். குழந்தைக்கு உடம்பு தேறட்டும் என்றார்கள். மகள் வேலைக்குத் திரும்பினாள், பிள்ளையை யார் பார்ப்பது என்றார்கள். இரண்டாவதும் பிறந்தது. ஆறு மாதம் ஐந்து வருஷமாக நீண்டதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. குற்றம் சொல்ல ஆள் இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் மைக்ரான்தான் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்: "எனக்கென்ன இங்க, நீ இருந்து பாத்துக்கோ." வந்துடு என்று அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்டதில்லை. கூப்பிட்டு, முடியாது என்று அவள் சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். ஊருக்கெல்லாம் மறுபக்கம் ஆள் வேண்டும் என்று உபதேசம் செய்கிறவருக்கு, தன் வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்க நாக்கு எழவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் பெரிய லேத்து வந்தது.

பல் டாக்டர் ஒருவர் ஆசையாக வாங்கி, நேரமில்லாமல் மூடியே வைத்திருந்தது. வீடு மாறுகிறார், எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். மைக்ரான் போய், வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்திப் பார்த்தார். எங்கும் ஒரே இறுக்கம், தேய்மானம் என்ற பேச்சே இல்லை. ஆயுசு முழுக்க இப்படியொரு மிஷினுக்காகத்தான் அலைந்தார். மறு பேச்சில்லாமல் வாங்கிவிட்டார். பால்கனி கொள்ளாது, படுக்கையறையில் ஜன்னல் ஓரம் சரியாக இருக்கும். கதவை அளந்தார், படிகளை அளந்தார், அறையைச் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்து, சுத்தமாக ஒரு படமும் வரைந்தார்.

மினி வேனில் வந்த மூட்டை தூக்குகிற ஆட்களில் ஒருவன், லேத்தின் முன்பக்கம் நெடுக ஓடுகிற நீள ஸ்க்ரூவைக் கைப்பிடி மாதிரிப் பற்றித் தூக்கப் போனான். மைக்ரான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"விடுய்யா அதை! அது வளைஞ்சா மிஷினே போச்சு! அடியில பெல்ட்டு குடுத்துத் தூக்கணும்!"

"எல்லாம் தெரிஞ்சவரு நீங்களே தூக்கிக்குங்க சார்" என்று மாடிப்படிக்கு அடியில் இறக்கிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அதில் அவருக்கு வருத்தமில்லை. பக்கத்து ஊரில் ஒரு நண்பர் இருக்கிறார், பஸ் டிப்போ மெக்கானிக். பொம்மை எஞ்சினுக்குக் கொதிகலன் மட்டும்தான் செய்வார், எஞ்சின் பக்கமே போகமாட்டார், அதனால் பாய்லர் என்று பெயர். பெல்ட்டும் ஆளும் கொண்டுவரச் சொல்லி, போனில் அந்தப் படத்தையும் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பாய்லர் கூப்பிட்டார்.

"அண்ணே, படம் பாத்தேன். கண்ணுல ஒத்திக்கலாம். கதவு திறக்கிற வளைவுகூட விடாம போட்டிருக்கீங்க."

"பின்னே?"

"ஒரு சந்தேகம். ரூம்ல ஒரே ஒரு கட்டில்தான் போட்டிருக்கீங்க. அண்ணி வந்தா எங்க படுப்பாங்க?"

மைக்ரான் எழுந்து போய் அறையைப் பார்த்தார். இரண்டு கட்டில்களும் இருந்தன. ஜன்னல் ஓரத்துக் கட்டில் அவளுடையது. மாதம் ஒரு தடவை மெத்தையை வெயிலில் போடுகிறார், தன் விரிப்பை மாற்றும்போதெல்லாம் அதற்கும் மாற்றுகிறார். அந்தக் கட்டில் மேல்தான் டேப்பை நீட்டி வைத்து அறையை அளந்திருக்கிறார். அப்புறம் படத்தில் அதைக் காணோம். மயிரிழை பிசகினாலும் தாங்காத மனுஷன், ஆள் படுக்கிற கட்டிலையே விட்டுவிட்டார்.

"மறந்துட்டேன்" என்றார். பாய்லர், மழை வரும்போல இருக்கிறது என்றார்.

அன்றிலிருந்து லேத்து மாடி ஏறவில்லை. இன்றைக்கு மழை, நாளைக்கு மேஜை பலப்படவில்லை, மறுநாள் பாய்லருக்குத் தோள் வலி என்று இவரே ஒரு வலியைக் கண்டுபிடித்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் படிக்கு அடியில் உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு மேலே போவார். குடியிருப்பவர்கள் லேத்தைத் தங்கள் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் குடையை மாட்டினார், ஒருத்தி காய்கறிப் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். தினமும் துடைக்கிறாரே, பேசாமல் பூட்டு ஒன்று போட்டு பீரோவாக்கிவிடலாம் என்று கேலி பேசினார்கள். அவர் சிரித்து வைத்தார்.

கணக்கு அவருக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அவள் வருவாளென்றால் கட்டில் இருக்க வேண்டும், லேத்தை விற்க வேண்டும். வர மாட்டாளென்றால் கட்டிலை எடுக்க வேண்டும். அவளைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்காத வரை இரண்டும் இருக்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே.

கடைசியில் குடியிருப்புச் செயலாளர்தான் கழுத்தைப் பிடித்தார். "சார், திங்கக்கிழமை படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்க வர்றாங்க. அதுக்குள்ள அதை மேலயோ வெளியவோ அனுப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாக அவள் பேசுகிற நேரத்துக்கு, மைக்ரான் சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"இங்க இப்பதான் படுக்கப் போறோம். சின்னது என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவேங்குது, விடவே மாட்டேங்குது. சொல்லுங்க."

"ஒரு லேத்து வாங்கினேன்."

"இன்னொண்ணா?" அவள் சிரித்தாள். "பொண்டாட்டி விஷயத்துலயாவது ஒண்ணோட நிறுத்தினீங்களே, போங்க."

"பெருசு. பெட்ரூம்லதான் வைக்க முடியும். கட்டில் இடிக்குது. அதான் உன்கிட்ட ஒரு வார்த்தை..."

மிச்சத்தை அவளுக்கு விட்டுவிட்டார். அப்போ நான் வந்தால் எங்கே படுப்பேன் என்று அவள் கோபமாகக் கேட்டால் போதும். அந்த ஒரு கோபம் போதும், லேத்தை அன்றைக்கே பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிடுவார்.

"எந்தக் கட்டில்?" என்றாள் அவள்.

மைக்ரான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உன் கட்டில்."

"அதை இன்னுமா போட்டு வச்சிருக்கீங்க?" அவள் குரலில் வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. "நான் அப்பவே எடுத்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! வாட்ச்மேன் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு சொன்னீங்களே, அவளுக்குக் குடுத்துடுங்க, பாவம். அப்புறம் மெத்தையை நல்லா வெயில்ல போட்டுக் குடுங்க. இவ்வளவு நாள் சும்மா கெடந்தது."

"சரி" என்றார். மெத்தை சும்மா கிடக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது?

பாய்லர் மத்தியானம் இரண்டு ஆட்களோடு வந்தார். கட்டில் போன இடம் வெளிறிக் கிடந்தது. "அண்ணிகிட்ட கேட்டுட்டீங்களாண்ணே?" என்றார். "எடுத்துடச் சொல்லிட்டா" என்றார் மைக்ரான். சக்கையும், சாமானின் மறுமுனையைத் தாங்குகிற பின்முனையையும் தனியாகக் கழற்றி எடுத்துப்போனார்கள். உடம்பை அடியில் பெல்ட் கொடுத்து, இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே என்று, படி திரும்புகிற இடத்தில் கட்டையை முட்டுக் கொடுத்து, கீறல்கூட இல்லாமல் ஏற்றினார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. வேலை அவ்வளவு நன்றாக நடந்தது. கடைசி பஸ்ஸுக்கு முன் பாய்லர் கிளம்பும்போது, "ஒரு நடை எங்க வீட்டுக்கு வாங்கண்ணே" என்றார். "வர்றேன் வர்றேன்" என்றார் மைக்ரான், போகப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மட்டம் பார்க்க அந்த வாரம் முழுவதும் ஆனது. தகடு செருகினார், எடுத்தார், அரைச்சுற்று முடுக்கினார், ரசமட்டத்துக் குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை விடவில்லை. பிறகு ஒரு கம்பியைக் கடைந்து இரண்டு முனைகளையும் அளந்தார். இந்த முனையும் அந்த முனையும் ஒரே அளவு. மறுபடி அளந்தார், அதே அளவு. இப்படி ஒரு லேத்து ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சந்தோஷம் மூன்றாவது தடவை அளப்பதற்குள் தீர்ந்துபோனது. அதற்கப்புறம் அந்த அறையில் செய்ய ஒன்றும் இல்லாமல் நின்றார். தனிமை என்பது வெறும் வீடு இல்லை, நல்லது நடந்தால் போய்ச் சொல்ல ஆள் இல்லாதது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு அவள் முகம் தெரியும்படி கூப்பிட்டாள். பேரப்பிள்ளைகள் தாத்தா தாத்தா என்று கத்தினார்கள், திரையில் ஒரு மூக்கு வந்து போனது.

"எங்க, காட்டுங்க அந்த மகாராணியை" என்றாள்.

மைக்ரான் போனைத் திருப்பிக் காட்டினார். சக்கு, வண்டி, நீள ஸ்க்ரூ, ஜன்னல் வெளிச்சத்தில் எண்ணெய் மினுங்குகிற இரும்பு. அவள் உண்மையாகவே பார்த்தாள், இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"அடேயப்பா, ரூமையே அடைச்சிருக்கே" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேங்க. நீங்க அங்க தன்னந்தனியா எப்படி இருக்கீங்களோன்னு ராத்திரி தூக்கமே வராது எனக்கு. கேட்டாலும் எனக்கென்னன்னுதான் சொல்வீங்க. இப்பதான் மனசுக்கு நிம்மதி. இது இருக்கும்போது உங்களுக்குத் தனியா இருக்கிற மாதிரியே தெரியாது, இல்ல?"

அவள் கண்ணில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. வந்துடு என்கிற சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அது வந்ததே இல்லை. பின்னால் சின்னது பாட்டி என்று சிணுங்கியது.

"தெரியாது" என்றார் மைக்ரான்.