மனதுக்கு முளைத்த கொம்பு

அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்குப் பெரிய மண்டபம்தான் வேண்டும் என்று பெரியவள் ஒற்றைக்காலில் நின்றாள். தம்பிகள் இருவருக்கும் அதில் உடன்பாடில்லை.

“யோசிச்சுப் பாருக்கா,” என்றான் நடுவுள்ளவன். “அம்மாகிட்ட வந்தவங்க யாராவது அதை வெளியில சொல்லியிருக்காங்களா? மண்டபத்துக்கு வந்தா ‘நானும் அங்க போனவன்தான்’னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். யாரு வருவா?”

“நாற்காலி வரும்,” என்றான் கடைக்குட்டி. “வாடகைக்குச் சொல்லியாச்சு.”

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா மனநல ஆலோசகர். அரை நூற்றாண்டாக ஊரே அவரிடம் வந்து மனம் திறந்தது. ஆனால் அவரைப் பற்றி வாய் திறந்ததில்லை. பெரியவளுக்கு அதுதான் நெஞ்சில் முள். எண்பத்தொன்பது வயதுவரை வாழ்ந்த தன் தாய் என்ன வேலை பார்த்தார் என்பதை ஒரு நாளாவது, ஒரே ஒரு ஆளாவது, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மண்டபம்.

அம்மா படிக்கப் போனதே பெரியவள் பிறந்த பிறகுதான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பாடத்தை மனப்பாடம் செய்வாராம். “உனக்குத் தாலாட்டே தெரியாது. நரம்பு மண்டலத்தைப் பத்திச் சொன்னாத்தான் தூங்குவே,” என்று பிற்பாடு கேலி செய்வார். பட்டம் வாங்கியபின் காலையில் அரசு மருத்துவமனையில் வேலை. மாலையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு தண்ணீர்க் கூஜா. நாற்காலிகளை எதிரெதிரே போடமாட்டார். கொஞ்சம் சாய்த்துப் போடுவார். அழுகிறவர்களுக்குப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும் என்பார்.

அந்த அறைக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்தான் வினையை இழுத்துவிட்டார். ‘மனநல ஆலோசனை’ என்று எழுதச் சொன்னால், மனுஷர் ஒரு எழுத்துக்கு முன்னால் கொம்பைப் போட்டு ‘மனைநல ஆலோசனை’ என்று எழுதி மாட்டிவிட்டார். அம்மா கேட்டபோது அவர் அசரவில்லை.

“பெரிய ஆளுங்களுக்குத்தாம்மா கொம்பு இருக்கும். உங்களுக்கு நான் இலவசமா வெச்சிருக்கேன். வர்ற வாரம் வந்து அழிச்சுத் தர்றேன்.”

அந்த வாரத்துக்குள் முதல் ஆள் வந்துவிட்டார். அண்ணன் தம்பிக்கு இடையே மனையைப் பிரிப்பதில் தகராறு, என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தவர். இது அந்த இடமில்லை என்று அம்மா சொல்ல வாயெடுப்பதற்குள், அண்ணன் தன்னிடம் பேசுவதே இல்லை என்று சொல்லி அவர் உடைந்துவிட்டார். அடுத்த வாரமும் வந்தார். போகும்போது வாசலில் நின்று, “வீட்ல கேட்டாங்க. மனை விஷயமாப் போறேன்னு சொல்லிட்டேன். நல்லவேளை, போர்டும் அப்படியே இருக்கு,” என்றார்.

அன்று சாயங்காலம் பெயிண்ட் டப்பாவோடு வந்தவரை அம்மா ஏணியிலிருந்து இறங்கச் சொன்னார். “கொம்பு இருக்கட்டும்.”

அதன்பிறகு அந்த மாடிப்படியில் ஏற யாரும் தயங்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது. ஆனால் பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் மானம் போனது. “உங்கம்மா மனை புரோக்கராமே?” என்பார்கள். உடன் வேலை பார்த்த நிபுணர்களும் சிரித்தார்கள். ஒரு மாநாட்டு மேடையில் ஒருவர், “அடுத்து நம் நில வியாபாரி பேசுவார்,” என்றே அழைத்தார். அம்மா எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். பேச்சு முடிந்ததும் சந்தேகம் கேட்க வரிசையில் நின்றவர்களில் அப்படி அழைத்தவரும் ஒருவர்.

தெருவில் அம்மாவுக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் தானாக முதலில் சிரிக்கமாட்டார். அது திமிர் இல்லை, தொழில் என்பது பெரியவளுக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது. அம்மா சிரித்தால், ‘உங்களுக்கு அவங்களை எப்படித் தெரியும்?’ என்று கூட வருகிறவர் கேட்பாரே.

வீட்டுக்குள் கதை வேறு. மூத்த மருமகள் ஒருநாள் கேட்டேவிட்டாள். “வெளியாளுங்க சொல்றதைப் பொறுமையாக் கேக்கறீங்க. எங்களை மட்டும் ஏன் அத்தை பேசவே விடமாட்டேங்கறீங்க?”

“அங்க நான் வேலை பாக்கறேன். இங்க நான் மாமியார். ரெண்டையும் ஒண்ணாப் பாத்தா ரெண்டுமே உருப்படாது.”

தம்பிகள் இருவரும் ஒரு பைக்குக்காகச் சண்டை போட்டு முகம் பார்க்காமல் திரிந்தபோது, அம்மா புத்தி சொல்லவில்லை. மரபீரோவைக் கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு ஏற்றச் சொன்னார். பாதிப் படியில், “உன் பக்கம் தூக்குடா,” என்று ஒருவன் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. பீரோ மாடியில் தேவையே இல்லை. அவர்கள் பேசத் தொடங்கிய பிறகு அதைத் திரும்பக் கீழே இறக்கச் சொன்னார்.

கூட்டத்தன்று முன்வரிசையில் குடும்பம் உட்கார்ந்தது. பின்னால் வெறும் நாற்காலிகள். பெரியவள் திரும்பிப் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவர், இருவர், அப்புறம் கும்பலாக. வாசலில் நின்ற கடைக்குட்டி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அக்கா, அம்மாவை எப்படித் தெரியும்னு கேட்டா அத்தனை பேரும் ‘ஒரு மனை விஷயமா’ன்னே சொல்றாங்க. அம்மா வித்த மனையெல்லாம் சேர்த்தா தனியா ஒரு ஊரே கட்டலாம் போலிருக்கு.”

பெரியவள் சிரித்தாள். ஆனால் முள் அப்படியேதான் இருந்தது. இத்தனை பேர் வந்தும் இன்னும் ஒளிந்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

ஒரு பேராசிரியர் அம்மாவின் ஆய்வுகளைப் பற்றிப் பேசி அமர்ந்தார். அடுத்து பெரியவள் எழ வேண்டும். அதற்குள் நடுவரிசையிலிருந்து வயதான ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“நான் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். வாசல்ல தம்பிகிட்ட மனை விஷயம்னு பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. இன்னிக்கும் வாடகை வீடுதான்.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு தடவை என் வண்டி ஆக்ஸிடென்ட் ஆச்சு. அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். வேலை போயிடும்னு பயம். வெளிய சொல்ல வெக்கம். அந்தம்மாதான் டிப்போவுக்கே வந்தாங்க. நின்ன வண்டியில என் பின் சீட்டுல உக்காந்தாங்க, அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்ஜினை மட்டும் போடச் சொன்னாங்க. அதுக்கடுத்து டிப்போவுக்குள்ள ஒரு சுத்து. கடைசியா நான் ரோட்டுக்கு வண்டியை எடுத்தப்போ டிக்கெட் வாங்கிட்டு உக்காந்தாங்க. பாதி வழியில திரும்பிப் பாத்தா, நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க. நான் ஓட்டற வண்டியில ஒருத்தர் பயமில்லாமத் தூங்கறாங்களேன்னு அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துது. எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. அவங்க சரி பண்ணாங்க. இதைச் சொல்லாம எப்படிங்க வீட்டுக்குப் போறது?”

நடுவரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“அப்போ நாம வாங்கப்போறோம்னு சொன்ன அந்த மனை?”

“மன்னிச்சுக்கோம்மா. அப்படி ஒண்ணு இல்லவே இல்லை.”

“எத்தனை வருஷமா அந்த இடத்துல நான் மனசுக்குள்ள வீடு கட்டிட்டிருக்கேன். மாடிகூட எடுத்தாச்சு.”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அந்த அம்மாள் தன் பக்கத்து இருக்கையைத் தட்டி, “சரி, வந்து உக்காருங்க. இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல,” என்றாள். கோபம் இருந்தது; கண்ணில் தண்ணீரும் இருந்தது.

அவர் இறங்குவதற்குள் ஒரு தையல்காரப் பெண் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். ஓரத்தில் ஒரு கல்லூரி மாணவன் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். மேடையின் படியருகே ஒரு வரிசை உருவானது. யாரும் தலையைக் குனிந்து நிற்கவில்லை.

நடுவுள்ளவன் குனிந்து பெரியவளின் காதில் கேட்டான். “அடுத்தது நீதானேக்கா? போய்ப் பேசலையா?”

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இருடா. எனக்கு முன்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”