பிரிக்காத பீரோ

எங்கள் வீட்டுக்குப் பீரோ வந்தபோது அதற்குள் வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அப்பா வைக்க விட்டிருக்க மாட்டார். அது அக்காவின் கல்யாணத்துக்காக வாங்கிய பீரோ. அக்கா அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். மாப்பிள்ளை எந்த ஊரில் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பீரோவின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர். விலை ஏறுவதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர். இன்றைக்கே இந்த விலை என்றால் அக்காவின் கழுத்தில் தாலி ஏறும்போது பீரோ விலை எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டார். இன்றைய விலைக்கே ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால், வருடா வருடம் ஏறும் விலையெல்லாம் நமக்கு லாபம். இப்போது யோசித்தாலும் அதுவரைக்கும் அப்பாவின் கணக்கில் தப்பு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மீதிக் கணக்கை ஜீப்புக்காரர் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். விடியும் முன்பே ஜீப் வந்து தெரு முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். அம்மாவும் தூக்குவாளியோடு ஓடிப்போய் ஏறிக்கொள்வாள். ஆள் சேர்த்து ஏற்றிப் போவது, தோட்டத்தில் கூலியை வாங்கிச் சனிக்கிழமை பிரித்துக் கொடுப்பது எல்லாம் ஜீப்புக்காரர்தான். கம்பத்தில் பாத்திரமும் பீரோவும் விற்கிற கடை அவருடைய மச்சினருடையது. ஆக, கூலியைக் கொடுக்கிறவரும் தவணையைப் பிடிக்கிறவரும் ஒரே ஆள். பெரிய வசதிதான். காசு கைக்கு வந்து, பிறகு கையை விட்டுப் போகிற வருத்தமே கிடையாது.

"மதினிகிட்ட நான் கைநீட்டிக் கேக்கவே மாட்டேண்ணே. வாரக் கூலியில கொஞ்சம் பிடிச்சுக்கிருவேன். பிடிச்சது அவுகளுக்கே தெரியாது" என்றார் அப்பாவிடம்.

வாரத்துக்கு எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு அவர் ஒரு தொகை சொன்னார். அது அப்பா வெற்றிலைக்கும் டீக்கும் செலவழிப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அம்மா கதவு மறைவில் நின்றபடி, "மொத்தம் எம்புட்டு ஆகும்னு கேளுங்க" என்றாள். அப்பாவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஜீப்புக்காரர் போன பிறகு அக்காதான் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"யப்பா, இது ரெண்டு பீரோ காசுப்பா."

"இருக்கட்டுமே ஆத்தா. ரெண்டு பீரோ காசையும் ஒரே நாள்லயா கேக்குறாக?"

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அக்காவுக்கு முன்பு எங்கள் வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பு வரை போனதில்லை. அக்கா பெரிய பரீட்சை எழுதி, நர்ஸ் வேலைக்குப் படித்து, உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலை கட்டி நிற்பாள் என்று அம்மா ஜீப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்ட அக்கா போட்ட கணக்கைக் கேட்டுத்தான் இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

டெம்போவில் வந்து இறங்கியது பீரோ. வாசல் குள்ளம். தெருவிலிருந்த ஆண்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லி, அதைப் படுக்கப்போட்டு, ஒருக்களித்து, கடைசியில் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள். "பீரோவ வாங்குனவரு வீட்டையும் தவணையில வாங்கியிருக்கலாம்ல" என்று யாரோ சொல்ல, அப்பா எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நானும் அக்காவும் படுக்கிற இடத்தில் பீரோ நின்றது. அன்றிலிருந்து நாங்கள் அடுப்படியில் படுத்துக்கொண்டோம்.

பீரோவுக்கு மேலே கம்பெனியில் சுற்றிய பாலித்தீன் இருந்தது. கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. எதையும் பிரிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. சீர் சாமான் புதுசாகப் போக வேண்டும், புழங்கினால் பழசாகிவிடும். அதனால் எங்கள் துணிகள் எப்போதும்போல் கொடியிலேயே தொங்கின. தரை ஈரம் ஏறாமல் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்தார். ஈரக் கையோடு நான் ஒருநாள் தொட்டதற்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். முகம் தெரியாத அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்று நான் தலை சீவிக்கொள்வேன். முன்னால் நிற்பதே சந்தோஷம்.

அந்த வருடம் ஏலக்காய் எடுக்கும் காலத்தில் இன்னொரு ஜீப் எங்கள் ஊருக்குள் வந்தது. அதில் கூலி கூடுதல். அம்மாவோடு போகும் பெண்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். அம்மாவும் ஒரு சனிக்கிழமை தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். ஜீப்புக்காரர் கோபப்படவே இல்லையாம். "தாராளமாப் போங்க மதினி. பீரோவ மட்டும் இறக்கி வச்சுட்டுப் போங்க" என்று சிரித்தாராம். அம்மா அதை வீட்டில் சொன்னபோது அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தவணை வாரத்துக்குக் கொஞ்சம்தான். கூடுதல் கூலிக்குப் போக முடியாததால் இழந்த காசை யாரும் தவணையில் சேர்க்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏலச்செடிகளுக்கு அடியில் எப்போதும் சகதி, அட்டை. அம்மா தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு சரிவில் காய் எடுத்தவள் வழுக்கி, ஒரு கல்லில் போய் உட்கார்ந்தபடி விழுந்தாள். ஜீப்புக்காரரே தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். இடுப்பில் கட்டுப் போட அவரே காசு கொடுத்தார். எனக்கு ஒரு பன்னும் வாங்கி வந்தார். அவ்வளவு நல்ல மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டுக் காசு பிறகு தவணையோடு சேர்ந்துகொண்டது. பன்னும் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் விடியும் முன் வாசலில் ஹாரன் கேட்டது. அப்பா வெளியே போனார்.

"அவளால எந்திரிக்கவே முடியல தம்பி. கொஞ்ச நாளைக்குப் பொறுங்க."

"நான் பொறுப்பேண்ணே. கடைக்கார மச்சான் பொறுக்கணுமே. கட்டாத வாரத்துக்கு வட்டி எழுதுவாக. ஜீப்புல சீட்டு காலியாப் போனா தோட்டத்துலயும் எனக்குத்தான் பேச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "பெரிய பிள்ளைய ஒரு வாரத்துக்கு அனுப்பி விடுங்க. மதினி சீட்டுதானே."

"அது பரீட்சைக்குப் படிக்குதுப்பா."

"படிக்கட்டும்ணே. பரீட்சை எங்கன போயிரப் போகுது?"

அன்றைக்கு ஜீப் காலிச் சீட்டோடுதான் போனது. அப்பா மண்டிக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனார். பீரோவைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கத்தான் போனார். பிரிக்கவே இல்லை, பாலித்தீன்கூட அப்படியே இருக்கிறது, அவர்களே வந்து பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டு போனார். வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாக?" என்று உள்ளே படுத்திருந்த அம்மா கேட்டாள்.

"கடைய விட்டு இறங்கிட்டாப் பழசுதானாம். பழைய சாமான் வெலைக்குத்தான் எடுப்பாகளாம்."

"நாம கட்டுனது?"

"அது வட்டியில கழிஞ்சிருச்சாம்."

பீரோவைக் கொடுத்தாலும் கடன் மிச்சம் நிற்கும். யாரும் தொடாத, ஒரு கைக்குட்டைகூட உள்ளே வைக்காத அந்தப் பீரோ, எங்கள் வாசலைத் தாண்டிய நாளிலேயே பழசாகியிருந்தது. இதைத்தான் அப்பா புரிந்துகொண்டு வந்திருந்தார். அக்கா எழுந்து போய் அம்மாவின் தூக்குவாளியைக் கழுவி வைத்தாள்.

"ஒரு வாரந்தானேப்பா" என்றாள்.

ஒரு வாரம் போனது. அம்மாவால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது, மலையேற முடியவில்லை. அந்த வருடம் முழுக்க முடியவில்லை. அக்கா வேலைக்குப் புதுசு என்பதால் அவளுக்குக் கூலி குறைவு, தவணை மட்டும் அதேதான். ஜீப் வந்து நிற்கும்போது நான் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பேன். அம்மாவின் பிளாஸ்டிக் தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அக்கா போவாள். திரும்பி வரும்போது அவள் கை முழுக்க ஏலக்காய் வாசம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அவள் கையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு தூங்குவேன். விரல் நுனிகளில் தோல் வெடித்திருந்தது உறுத்தும், அதனால் கையைத் திருப்பி வைத்துக்கொள்வேன்.

கடைசித் தவணை எப்போது முடிந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. முடிவதற்குள் வேறொன்று சேர்ந்துகொண்டே இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை வீட்டார் பீரோவைப் பார்த்தார்கள். பாலித்தீன் மஞ்சளாகியிருந்தது. கால்களில் துரு. இது பழைய மாடல், இப்போது ஆளுயரக் கண்ணாடி வைத்தது வருகிறதே என்றார்கள். அப்பா தலையாட்டினார். அதே கடையில் இன்னொன்று வாங்கினார், வாரத்துக்குக் கொஞ்சம்தான் என்று.

அக்கா இன்றும் மலைக்குத்தான் போகிறாள். இப்போது ஜீப்பை ஓட்டுவது அந்த ஜீப்புக்காரரின் மகன். பீரோவுக்குப் பதிலாகக் குழுக்கடன் வந்திருக்கிறது, வாராவாரம் வீட்டுக்கே வந்து வசூலிக்கிறார்கள். போன மாதம் என் மகன் தேனியில் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப்போய் ஒரு போனைக் காட்டி, "மாசத்துக்கு இம்புட்டுதாம்மா" என்றான். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கடையில் நின்ற பையன் டை கட்டியிருந்தான். எனக்கு எப்போதும் அந்நிய மனிதர்களிடம் பேச்சு வராது. அம்மாவுக்குப் பேசக் கதவு மறைவாவது இருந்தது. அந்தப் பையன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அக்கா மலைக்குப் போகத் தொடங்கிய அந்த வருடம், அவள் எழுதாத பரீட்சை முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஜீப் வராது. அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, ஜன்னலில் கிடந்த பாடப்புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினாள். அம்மாவின் பழைய சேலைத் துண்டில் கட்டினாள். பிறகு பீரோவிடம் போய், கைப்பிடி இருக்கிற இடத்தில் பாலித்தீனை பிளேடால் நீளமாகக் கீறினாள். அப்பா அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா சாவியைப் போட்டுத் திருகினாள். கதவு முதல் தடவையாகத் திறந்தது. புதுப் பெயிண்டு வாசம் வீடு முழுக்க அடித்தது. புத்தகக் கட்டை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே போனாள்.

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

நான் தெருவுக்கு ஓடி, எங்கள் பீரோவில் சாமான் வைத்தாகிவிட்டது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன். அப்பா ஏன் திட்டவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு முழுவதும் யோசித்து நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அக்காவுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் பீரோவை இனிமேல் திறக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தூங்கினேன்.