பத்தாவது குரல்

நம்பாதவர்களுக்கு என் இடது முழங்கையைக் காட்டுவேன். சுரங்கச் சுவர் உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது. இது இரவில் நடந்ததல்ல. சென்ற ஜூலை 18, வெள்ளிக்கிழமை. பட்டப்பகல். நேரங்களை என் கைக்கடிகாரத்தில் பார்த்தே சொல்கிறேன்.

இத்தாலியில், பலெர்மோ நகரின் ஓரத்தில், சியாகுல்லியில், ஒரு பழைய மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். தோட்டத்துக்கு அடியில் ஒரு நீர்ச்சுரங்கம் இருக்கிறது. அராபியர் ஆண்ட காலத்து முறையில் வெட்டியது. மலையடியில் ஊறும் நீரைப் பம்ப் எதுவும் இல்லாமல், கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவினால் மட்டும் தோட்டம்வரை கொண்டுவருகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இப்போது உல்லாசப் பயணிகளை அதற்குள் அழைத்துப் போகிறோம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் நான் ஏன் பயந்தேன் என்பது விளங்காது. மேல் முனையில் இறங்கி, நீர் ஓடும் திசையிலேயே இருநூறு மீற்றர் நடந்து, கீழ் முனைப் படியால் ஏற வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். மேல் முனையில் ஓர் இரும்பு மதகு. அது மூடியிருக்கும்வரை நீர் கணுக்காலளவுதான். நான்கு மணியளவில் தோட்டத்துக்கு நீர் விடுவார்கள். மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் நீர் ஆள் உயரத்துக்கு ஏறிவிடும்.

அதனால் ஒரு விதி. வெளியே ஏறும் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வழிகாட்டி நின்ஃபா மேலே நின்று கேட்பாள். கடைசி எண் கேட்டதும் மதகடியில் நிற்கும் ஜோக்கிம் அண்ணைக்குப் போன் எடுப்பாள். அவர் திறப்பார். கடைசி ஆள் எப்போதும் நான்.

அன்று எட்டுப் பயணிகள். மனைவி ரதிக்கு வேலை, பள்ளிக்கூடம் விடுமுறை. எனவே ஒன்பது வயது மகள் ஜெனனியையும் கூட்டிப் போயிருந்தேன்.

"என்ன பிரசாந், துணைக்கு ஆளோ? பேய்க்குப் பயம் வந்திட்டுதோ?" ஜோக்கிம் அண்ணை சிரித்தார்.

"பேயெண்டா உங்களைக் கண்டு ஓடிடும் அண்ணை."

ஜெனனி ஒன்பதாவது. இத்தாலியனில் நோவே. "எனக்கு ஒம்பது வயசு, நம்பரும் நோவே!" என்று துள்ளினாள். எங்களிடம் இருக்கும் ஒரேயொரு சின்ன ஹெல்மெட்டை, மஞ்சள் நிறத்தது, அவளுக்கு மாட்டினேன். நான் பத்து. தியேச்சி.

3.10க்கு இறங்கினோம்.

பாதி வழியில் ஓர் அகன்ற அறை வரும். அந்தக் காலத்துப் பிரபுக்கள் வெயிலுக்கு ஒதுங்கிய இடம். சுவரோரம் கல் இருக்கை. அங்கே எல்லோரும் ஹெல்மெட் விளக்கை அணைத்து ஒரு நிமிடம் நீரின் சத்தத்தைக் கேட்பது வழக்கம். 3.26க்கு அணைத்தோம். 3.27க்குப் போட்டோம். வரிசையாக வெளியேறினோம். எனக்கு முன்னால் மஞ்சள் ஹெல்மெட் போனது.

அதன் விளக்கு மட்டும் எரியவில்லை.

"லைற்றைப் போடு பிள்ளை."

அவள் திரும்பிப் பாராமலே நடந்தாள். காலையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் என்று நினைத்தேன்.

3.38. படியடிக்கு வந்தோம். பயணிகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசி ஆளுக்கென்று நானே கண்டுபிடித்த ஒரு சோதனை உண்டு. நடந்தால் அடிச்சேறு கலங்கும். கலங்கிய நீர் எங்களைக் கடந்து கீழே போய்விடும். படியடியில் இரண்டு நிமிடம் நின்றால், பின்னாலிருந்து வரும் நீர் கண்ணாடி போலத் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் உள்ளே இன்னும் ஒருவர் நடக்கிறார் என்று அர்த்தம்.

மஞ்சள் ஹெல்மெட் படியில் ஏறியது. நான் குனிந்து நீரைப் பார்த்தேன்.

தெளிந்தது. பிறகு ஒரு கலங்கல். பிறகு தெளிவு. மறுபடி ஒரு கலங்கல்...

காலடிகள் போல.

மேலேயிருந்து ஜெனனியின் குரல் தெளிவாகக் கேட்டது. "நோவே!"

என் பிள்ளை மேலே. எல்லோரும் மேலே. அப்படியென்றால் உள்ளே யார்?

நான் ஏறவில்லை. "நின்ஃபா, பொறு!" என்று கத்திவிட்டு உள்ளே திரும்பினேன்.

3.46. அறை. விளக்கை ஓட்டினேன்.

கல் இருக்கையில், கால்களை மடக்கிக்கொண்டு, ஜெனனி.

தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

"ஜெனனி... இஞ்சை என்ன செய்யிறாய்?"

"நீங்கள்தானே அப்பா சொன்னீங்கள்."

"என்னெண்டு?"

"இருட்டுக்குள்ளை, காதுக்குள்ளை. நான் வாறவரைக்கும் இதிலை இரு, அசையாதை எண்டு."

நான் சொல்லவில்லை.

அவளுடைய ரப்பர் பூட்சைத் தொட்டேன். காய்ந்து போயிருந்தது. அவள் இருக்கையை விட்டு இறங்கவேயில்லை. அப்படியானால் நீரைக் கலக்கியது...

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. ஒன்பதுக்குக் குரல் கொடுத்தது பத்துக்கும் கொடுத்தால்?

தூரத்தில், படிப்பக்கம், ஓர் ஆண் குரல்.

"தியேச்சி!"

என் குரல்.

அவளைத் தூக்கினேன். ஓடினேன்.

பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. பிறகு ஓர் உறுமல்.

நீர் முழங்காலுக்கு வந்தது.

"அப்பா, குளிருது..."

இடுப்புக்கு வந்தது. முழங்கை சுவரில் கிழிந்தது. உணரவில்லை.

நெஞ்சுக்கு.

படி!

3.51. வெயில்.

நின்ஃபா எங்களைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த போன் கீழே விழுந்தது.

"நீங்கள் இருவரும் முன்பே வெளியே வந்துவிட்டீர்களே," என்றாள். "பொறு என்று கத்தினாய். பொறுத்தேன். பிறகு நீயே வந்து தியேச்சி என்றாய். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மரங்களுக்குள் போனாய். நான் பார்த்தேன்."

மரங்களுக்குள் போய்ப் பார்த்தோம். ஈரக் காலடிகள் இருந்தன. ஒரு பெரியது, ஒரு சின்னது. பூட்ஸ் அடையாளம் அல்ல, வெறுங்கால். நான்காவது மரத்தடியில் முடிந்துவிட்டன.

ஒக்டோபரில்தான் தோட்டத்துச் சொந்தக்கார அம்மா வாய் திறந்தார். 1961இல் சுரங்கத்தில் சேறு அள்ளப் பத்துப் பேர் இறங்கினார்களாம். ஒன்பதாவது ஒரு சிறுமி. பத்தாவது அவளுடைய தகப்பன். அன்றும் இதே விதிதான். எண்ணிக்கை சரியாக இருந்ததால்தான் மதகைத் திறந்தேன் என்று காவலாளி சாகும்வரை சொன்னாராம்.

பத்துக் குரலும் கேட்டிருக்கின்றன.

உயிரோடு வெளியே வந்தவர்கள் எட்டுப் பேர்.