கிணற்றுக்கு மேலே ஆடாத படம்

மொரப்பூரில் மாது ஸ்டூடியோ என்றால் யாரும் வழி காட்டுவார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போனவர்களைக்கூட ஏதாவது கிண்டல் பேசிச் சிரிக்க வைத்து, பிறகு "சிரிச்சா செல்லாதுங்க, வாயை மூடுங்க" என்று அதட்டுவான் மாது. எனக்குப் பங்காளி முறையில் தம்பி. என் பழக்கடை அவன் ஸ்டூடியோவை ஒட்டினாற்போல இருக்கிறது. அந்தச் சிரிப்புச் சத்தம் போன கார்த்திகையோடு நின்றுபோனது.

அன்றைக்கு அவன் அரூரில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்ட மோட்டார் போடப் போன அவன் மனைவி பூவிழி, கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள். எடுத்துப் போகும்போது பூவிழியைப் பெற்றவள், மாதுவின் மாமியார் நஞ்சம்மாள் எல்லார் எதிரிலும் கேட்டாள்: "ஊரான் பொண்டாட்டிய எல்லாம் படம் புடிக்கப் போனியே, உன் பொண்டாட்டிய யாருடா பாத்துக்கிட்டது?"

அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் பேச்சில்லை. நஞ்சம்மாளின் வீடு இவன் நிலத்துக்கு அந்தப் பக்கம், இவன் வீடு இந்தப் பக்கம், நடுவில் அந்தக் கிணறு. மாது கிணற்றுப் பக்கம் காலே வைக்கவில்லை. நிலத்தில் புல் ஏறியது.

இன்னொரு வேதனையும் அவனுக்கு இருந்தது. ஊரில் உள்ள கல்யாணத்தையெல்லாம் பிடித்தவனிடம் பூவிழி நடந்து வருகிற மாதிரி ஒரு துண்டுப் படம்கூட இல்லை. வேலைக்கு உடன் போனாலும் அவள் லைட்டைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பாள்.

பங்குனியில் அவன் ட்ரோனை வெளியே எடுத்தான். பூவிழி இருக்கும்போதே வாங்கியது. கல்யாண வீட்டார் இப்போதெல்லாம் மேலிருந்து எடுத்த படம் கேட்கிறார்கள். கற்றுக்கொள்வதற்குள் அவள் போய்விட்டதால் பெட்டியிலேயே கிடந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நின்று பறக்கவிடுவான். கரண்டுக் கம்பி இருக்கிறதா, பருந்து வருகிறதா என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டுக்கொள்வான். நேராகக் கிணற்றுப் பக்கம்தான் அனுப்புவான். கால் போகாத இடத்துக்குக் கண்ணை அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் மகா மோசமாக வந்தது. தென்னை மரம் குடிகாரன் மாதிரி ஆடியது.

"என்னாடா மாது, பூகம்பத்தைப் புடிச்சிட்டு வந்திருக்கற?"

"சும்மா இருங்கண்ணா. வெரலு இன்னும் படியல."

ஒருநாள் எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். திரும்ப ஓட்டினான்.

"அண்ணா, கெணத்து மேட்டுல பாருங்க."

பார்த்தேன். படம் ஆடி ஒரு பக்கம் சாயும்போது, மேட்டின் மேல் சிவப்பாக ஏதோ ஒன்று. ஒரு புடவைத் தலைப்பு காற்றில் எழுந்து அடங்குவது போல. அடுத்த நொடி இல்லை.

"பூவிழி அன்னிக்குக் கட்டியிருந்தது செவப்புண்ணா," என்றான்.

தீர்த்தமலைக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். உயிரோடு இருக்கிறவர்களைப் பார்ப்பது போல அவன் அந்த நேரத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தான். சாப்பாடு குறைந்தது. வந்த வேலைகளை வேண்டாம் என்றான். அது அவள்தானா, முகம் தெரியுமா என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை. முகம் தெரிய வேண்டுமானால் படம் ஆடாமல் நிற்க வேண்டும்.

அதற்காகவே தொழிலை ஒழுங்காகக் கற்றான். காற்றில்லாத நேரம் பார்த்தான். முதலில் ஒரே இடத்தில் நிறுத்திப் பழகினான். ஏறுவதையும் திரும்புவதையும் ஒன்றாகச் செய்யாமல் பிரித்துச் செய்தான். கட்டைவிரலைப் பட்டென்று எடுக்காமல், தூங்குகிற பிள்ளையின் கைக்கு அடியிலிருந்து நம் கையை உருவுவது போல மெல்ல எடுத்தான். ட்ரோன் குளத்துத் தண்ணீரில் நிற்கும் இலை மாதிரி நின்றது. ஆனால் படம் மட்டும் ஆடியது.

"மிஷின் ஆடல, படம் ஆடுதே. அவதான் ஆட்டறாளா?" என்று கேட்டான். ரிப்பேர் கடைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

தருமபுரியில் பிரியதர்ஷினி என்று ஒரு பெண் கேமரா ரிப்பேர் செய்கிறது. கலகலவென்று பேசும். ட்ரோனைத் திருப்பி, கேமராவைத் தாங்கும் சின்னக் கையைத் தொட்டுப் பார்த்தது. கிம்பல் என்று அதற்குப் பேர். உடம்பு ஆடினாலும் கண் ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலையாம்.

"இது மடங்கவே மாட்டேங்குதே." பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சிரித்தது. "ஏண்ணா, உங்க ட்ரோனுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு? சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சு விட்டிருக்கீங்க! சந்தனம் மூட்டுல காஞ்சு கெட்டியாயிடுச்சு. குங்குமம் கண்ணாடி ஓரத்துல ஒட்டியிருக்கு. வெயிலுக்கு எதுக்க பறந்தா படமெல்லாம் செவப்பு அடிக்குமே?"

மாது பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். ஆயுத பூஜையன்று எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தது யாரென்று எனக்கும் நினைவு வந்தது. புதுச் சாமானுக்கு நெற்றி எது என்று தெரியாமல், பூவிழி அதன் கண்ணுக்கு மேலே வைத்திருக்கிறாள்.

அந்தப் பெண் பஞ்சை மருந்தில் நனைத்தது.

"தொடைக்காதீங்க," என்றான்.

"தொடைக்கலன்னா ஆட்டம் நிக்காதுண்ணா."

"தெரியுதுங்க. அது எங்க வூட்ல வெச்சது. இப்ப இல்லீங்க அவ."

பிரியதர்ஷினி பஞ்சை வைத்துவிட்டது. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டது. வேறு வேலையை எடுத்துக்கொண்டு எங்களை அப்படியே விட்டுவிட்டது. மாது அந்தச் சின்னச் சிவப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். பிறகு, "குடுங்க, நானே தொடைக்கறேன்" என்று கை நீட்டினான். துடைத்த பஞ்சை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னான்: "அப்ப அங்க யாரும் இல்லீங்களாண்ணா?"

மறுநாள் காலையிலேயே என்னை அழைத்தான். இலை அசையவில்லை. ட்ரோன் ஏறிக் கிணற்றுக்கு மேலே போய் நின்றது. இந்தத் தடவை படம் அப்படியே நின்றது, சுவரில் மாட்டிய படம் போல. கிணறு, மோட்டார் ரூம், புல். சிவப்பு எங்கும் இல்லை. அவன் தோள் தொய்ந்தது. எனக்கும் என்னவோ, இன்னொரு தடவை அவளைப் பறிகொடுத்த மாதிரிதான் இருந்தது.

"இது என்னாண்ணா?"

புல்லுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. தரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஆடுகிற படத்திலும் தெரிந்திருக்காது. கிணற்று மேட்டில் தொடங்கி அந்தப் பக்கமாக ஓடி நஞ்சம்மாள் வீட்டு வாசலில் போய் முடிந்தது. இவன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு கோடும் இல்லை, புல் மூடிவிட்டது.

"ஒத்தையடிப் பாதைடா. தெனம் நடந்தாத்தான் இப்படித் தேயும்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டின் மேல் ஒரு ஆள் வந்தது. கையில் தூக்குச் சட்டி. மேட்டில் உட்கார்ந்து சட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கிணற்றைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தது. பிறகு ட்ரோன் சத்தம் கேட்டு நிமிர்ந்தது. நஞ்சம்மாள்தான். எழுந்து ட்ரோனைப் பார்த்துக் கையை ஓங்கிக் கத்தியது நிலம் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"எதுக்குடா தலைக்கு மேல சுத்தற, கழுகு மாதிரி? கால் இல்லியா உனக்கு? எறங்கி வாடா!"

மாது ரிமோட்டை என் கையில் வைத்தான்.

"எதையும் தொடாதீங்கண்ணா. தொடாம இருந்தா அது அப்படியே நிக்கும். பேட்டரி கொறஞ்சா அதுவே வந்துரும்."

புல்லை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனான். நான் மூச்சுக்கூட விடாமல் முருகனை நினைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் படத்துக்குள் வந்தான். மேட்டருகே போய் நின்றான். கிழவி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். அடிக்கிறாளா அழுகிறாளா என்று மேலேயிருந்து பார்க்கத் தெரியவில்லை. பேட்டரி குறைகிறது என்று ரிமோட் கத்த ஆரம்பித்தது. நான் அவனைக் கூப்பிடவில்லை.