அடுப்புக்காரி உள்ளே உட்கார்ந்த நாள்

எங்கள் தெருவில் அவளுக்கு அடுப்புக்காரி என்றுதான் பெயர். வாரம் தவறாமல் காலிமனையில் கூடாரம் அடித்து, விறகடுப்பு மூட்டி, பெண்களுக்கு நீராவிக் குளியல் நடத்துகிறாள். கூடாரம் நான் தைத்தது. பெயர் மட்டும் அவளுக்கு. இருக்கட்டும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அடுப்புக்கு அடியில் தகரம் போடுவாள்; புகைக்குழாய் துணியில் படாமல் இரும்பு வளையம் மாட்டுவாள். ஈரக் கல் சூட்டில் வெடிக்கும் என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத்தான் அடுக்குவாள். அடுப்போரம் துணிக்கு அடியில் ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும். அது அடைபட்டால் வாசனையே இல்லாத விஷக்காற்று சேர்ந்து, உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே சாய்வாள். இதை வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொல்வாள். நாங்கள் உள்ளே அரட்டையடிக்க, அவள் வெளியே காவல் நிற்பாள்.

போன வாரம் விறகு பிளக்கும்போது அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. "நான் பாத்துக்கிறேன் அண்ணி" என்று நாத்தனார் வந்து நின்றாள். அடுப்புக்காரிக்கு முகம் செத்துவிட்டது. வீட்டில் சமையல், கணக்கு, பேச்சு எல்லாவற்றிலும் நாத்தனாருக்குத்தான் நல்ல பெயர்.

"இது ஒண்ணுதான்டி எனக்குன்னு இருந்துச்சு. இதையும் அவ ஜெயிச்சுட்டா நான் எதுக்கு?" என்று என் காதில் பொருமினாள்.

அன்று முதல் தடவையாக அவளும் எங்களோடு உள்ளே உட்கார்ந்தாள். நாத்தனார் கல்லில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துவிட்டு வெளியே போனாள்.

"இன்னைக்கு ஆவி எவ்வளவு இதமா இருக்கு!" என்றாள் பள்ளி ஆயா. போதாதா? அடுப்புக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அதே ஆயா, "காலுக்குச் சில்லுனு அடிக்குது" என்று முனகினாள். நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது அடுப்புக்காரி அடுப்போரமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். ஒரு சாண் இடைவெளியில் ஆயாவின் ஈரத்துண்டு திணிக்கப்பட்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து ஒரு கை அதை வெடுக்கென்று இழுத்தது. "யாரு அடைச்சது? எல்லாரும் வெளியே வாங்க!" என்று நாத்தனார் கத்தினாள்.

வெளியே வந்து தலை துவட்டும்போது அடுப்புக்காரி மெல்லக் கேட்டாள், "துண்டை நீ பாத்தியா?"

"நீ பாத்ததைப் பாத்தேன்."

அவள் கை அப்படியே நின்றது. அதற்குள் நாத்தனார் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"அடுத்த வாரமும் நீங்க உள்ளேயே உக்காருங்க அண்ணி. நீங்க உள்ள இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் வெளிய நின்னேன்."

அடுப்புக்காரி சொம்பை வாங்கினாள். குடிக்கவில்லை.