வெர்லின் ஸ்ட்ரூப் கூரையை இறக்கிய சனிக்கிழமை

ஆயில்டேலில் வெர்லின் ஸ்ட்ரூப்பைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் அவனுடைய சரித்திரத்தை முறையாக எழுதிவைக்கும் துணிவு இதுவரை யாருக்கும் வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் ஒக்லஹோமாவிலிருந்து அப்பாவின் லாரியில், இரண்டு மெத்தைகளுக்கும் ஒரு பன்றிக்கும் நடுவில் உட்கார்ந்து கலிபோர்னியா வந்து சேர்ந்தான். பருத்தி எடுத்தான். போர் வந்தபோது, ஒரு காது மந்தம் என்று ராணுவம் அவனை வேண்டாம் என்றது. ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளம் அதே காதோடு அவனை ஏற்றுக்கொண்டு வெல்டிங் சொல்லிக்கொடுத்தது. அதன்பின் எண்ணெய் வயலில் குழாய் ஒட்டும் வேலை. முப்பத்தெட்டு வயதில் ஆர்டித்தைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரு மனிதனைக் கெடுக்கக்கூடியது இதில் எதுவுமில்லை. கெடுத்தது கார்.

அது ஆர்டித்தின் முதல் கணவன் ஆல்டன் வாங்கிய முப்பத்து நாலாம் வருஷத்து ஃபோர்டு கூப்பே, இரண்டு கதவுச் சின்னக் கார். ஆல்டன் பசிபிக் போருக்குப் போனான், திரும்பி வரவில்லை. ஒன்பது வருஷம் அந்தக் கார் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வெர்லின் இரண்டு வருஷம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆர்டித் எஞ்சினைத் தொட விட்டாள், மாற்றினான். பையன்கள் கார்ப் பந்தயம் விடும் வறண்ட ஏரிப்படுகைக்கு ஓட்டிப் போக விட்டாள், போனான். அங்கேதான் அவமானம் காத்திருந்தது. கூரைத் தூண்களை வெட்டிக் கூரையை இறக்காத கூப்பேயை அந்தப் பக்கத்தில் ஆண்மகன் எவனும் ஓட்டுவதில்லை. "பால்காரர் வந்துட்டார், பாத்திரம் எடுங்கடா" என்று, பால் வண்டி மாதிரி உயர்ந்து நின்ற அவன் காரைப் பார்த்துக் கூவினார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை; பீன்ஸும் சோளரொட்டியும் தட்டிலேயே ஆறின. ஒரு மாதம் கழித்து ஆர்டித் வாய் திறந்தாள்.

"எவ்வளவு வெட்டணும்?"

"மூணு அங்குலம். அதுக்கு மேல ஒரு நூல் இல்ல."

"நான் நிமிர்ந்து உக்காரணும் வெர்லின். ஆல்டன் என்னை நிமிர்ந்து உக்கார வெச்சுதான் ஓட்டினான். குனிஞ்சு உக்காரணும்னா, அந்தக் காரையும் எடுத்துக்கிட்டு விசாலியாவுக்கு எங்கம்மாகிட்டயே போயிடுவேன்."

ஆர்டித் ஐந்தடி பதினொரு அங்குலம். உருளைக்கிழங்கு மண்டியில் ஆண்களை மேய்க்கிறவள். சொன்னால் செய்வாள். நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிப் போனாள்.

சனிக்கிழமை காலையில் வெர்லின் தூண்களில் சாக்பீஸால் கோடு போட்டான். அவனுடைய அளவு நாடாவின் முதல் அங்குலம் எப்போதோ ஒடிந்துவிட்டிருந்தது. புது நாடா வாங்கலாம்தான். ஆனால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளத் தெரிந்த மனிதனுக்கு அது எதற்கு? மூன்று வேண்டுமென்றால் நாலாம் எண் வரை. அப்படியே போட்டான். இடப்பக்கத்தை அறுத்து முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனான்.

அந்த இடைவேளையில் உதவிக்கு வந்தான் பக்கத்து வீட்டு ஹாய்ட். உதவி செய்தே ஊரைப் பாதி அழித்தவன். வலப்பக்கக் கோட்டைப் பார்த்தான், அதே நாடாவை வைத்துப் பார்த்தான், நாலு காட்டியது. நாடா ஒடிந்தது என்பதும் அவனுக்குத் தெரியும், வெர்லினுடைய மறதியும் தெரியும். பாவம், நாலு அங்குலம் வெட்ட நினைத்து ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டான் என்று முடிவு செய்தான். கோட்டை அழித்து, ஐந்தில் புதுக் கோடு போட்டு, நண்பனுக்குச் சிரமம் வேண்டாமென்று அறுத்தும் வைத்தான்.

கூரையை இறக்கி வைத்தார்கள். வலப்பக்கம் சாய்ந்து நின்றது, குடித்தவன் தொப்பி மாதிரி.

"என்னடா பண்ணின?"

"நீ மறந்ததை நான் சரி பண்ணினேன்."

"நான் எங்கடா மறந்தேன்? கூட்டித்தானே போட்டேன்!"

"கூட்டினேன்னு எழுதி வெச்சிருக்கணும்ப்பா. நான் என்ன ஜோசியக்காரனா?"

மணி பதினொன்று. இடப்பக்கமும் ஓர் அங்குலம் போயிற்று. அவசரத்தில் ரம்பம் கோணலாக ஓடியது. கோணலை நேராக்கியதில் இரண்டு பக்கமும் இன்னொன்று. மொத்தம் ஐந்து. முன் தூண்கள் பின்னால் சாய்ந்தவை. வெட்ட வெட்ட அவற்றின் முனை முன்னால் தள்ளிப் போனது, கூரை எட்டாமல் உட்கார மறுத்தது. கூரையைக் குறுக்கே பிளந்து, நடுவில் தகடு வைத்து நீட்டி, முழுசாக ஒட்ட நேரமில்லாமல் அங்கங்கே பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்தினான்.

"பாக்க அம்சமா இருக்கு," என்றான் ஹாய்ட்.

உண்மையிலேயே அம்சமாக இருந்தது. அதுதான் கொடுமை. மாநிலத்திலேயே அவ்வளவு தாழ்ந்த கூப்பே கிடையாது. முன் கண்ணாடி இருக்க வேண்டிய இடம் தபால் பெட்டியின் வாய் போல இருந்தது. வெர்லின் உள்ளே போய் உட்கார்ந்தான். ஐந்தடி ஆறு அங்குல மனிதன், தலை தட்டியது. இருக்கையைக் கழற்றினான். தரையில் ஒரு கோணிப்பையை விரித்து உட்கார்ந்தான். அப்போதும் தட்டியது, கொஞ்சம் மென்மையாக.

"நான் கிளம்பறேன்ப்பா," என்றான் ஹாய்ட். "குடும்ப விஷயத்துல நான் தலையிடறதில்ல."

மூன்றரைக்கு ஆர்டித் பெட்டியோடு கொட்டகை வாசலில் நின்றாள். காரைப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வெர்லின் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். அளவு நாடா, ஹாய்ட், ரம்பம் என்று மூன்று சொற்கள் வந்தன, வாக்கியம் வரவில்லை.

"வண்டி ஓடுமா?"

"ஓடும். ஆனா கூரை வெறும் பொட்டு வெல்டிங்ல..."

"எடு."

அவள் பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு, காலை விட்டு, இடுப்பை விட்டு, கடைசியில் தலையைக் கொண்டுபோக இடமில்லாமல் ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டாள். அந்தக் கோலத்தில் செஸ்டர் அவென்யூவில் போனார்கள். தெருவோரம் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மரியாதைக்கா, துக்கத்துக்கா என்று சொல்வதற்கில்லை.

நெடுஞ்சாலைச் சந்திப்பில் வண்டிகள் நின்றன. நேரே போனால் விசாலியா. இடப்பக்கம் திரும்பிச் சுற்றி வந்தால் வீடு. சிக்னல் விளக்கு கூரைக்கு மேலே எங்கேயோ இருந்தது. வெர்லினுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்கும் லாரியின் டயர்.

"ஆர்டித், பச்சை விழுந்துச்சா?"

"இல்ல."

லாரி போய்விட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இப்ப?"

"இல்லன்னேன்ல."

ஹாரன் கூடியது. எவனோ அவன் அம்மாவை விசாரித்தான். வெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மடக்கிக்கொண்டு, ரோட்டின் ஆறு அங்குலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் கட்டியது. "நேரா போகணுமா ஆர்டித்? அதை மட்டும் சொல்லிடு."

விளக்கு மூன்று தரம் மாறியதாக அந்த முனையில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பின்னால் சத்தியம் செய்தார்கள்.

"இப்ப பச்சை," என்றாள் ஆர்டித் வெளியிலிருந்து. "இடது பக்கம் திருப்பு."

திருப்பினான். பொட்டு வெல்டிங் ஒன்று விட்டுப்போன சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை அந்தக் கூரையை முழுசா அறுத்துத் தூர எறி. எனக்கு வானம் போதும்."

கூப்பேயின் கூரையை அடியோடு எடுப்பது அந்தப் பந்தயக் கூட்டத்தில் கொலைக்குச் சமம். ஏரிப்படுகையில் இனி பால்காரன் என்றுகூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"சரி," என்றான் வெர்லின்.